அயனோபோர் சேர்த்தும் சிறுதட்டு வாய் திறக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

காலை ஏழரைக்குக் கதவைத் திறந்தால் அறைக்குள் 13 பாகை செல்சியஸ். செய்முறைத் தாளிலோ "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று எழுதியிருக்கிறது. எழுதியவருடைய அறை வேறு, நுவரெலியாவில் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நம்முடைய அறை வேறு. மலையகத்துச் சிறிய ஆய்வுகூடம் ஒன்றில் குருதிச் சிறுதட்டுகளோடு மல்லுக்கட்டிய காலத்தில் எனக்கு வந்த கோளாறுகளில் பாதி அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவை. மீதிப் பாதிக்கு நானே காரணம்.

சிறுதட்டு என்பது 2 முதல் 3 மைக்ரோமீற்றர் அகலமுள்ள, கருவில்லாத கலத்துண்டு. அதற்குள் மூன்று வகைச் சிறுமணிகள் இருக்கின்றன. அடர் சிறுமணிகளில் ஏ.ரி.பி., ஏ.டி.பி., செரோட்டோனின், கல்சியம் ஆகியவை, அல்பா சிறுமணிகளில் பைப்ரினோஜன், சிறுதட்டுக் காரணி 4 முதலிய புரதங்கள், லைசோசோம்களில் நொதியங்கள். திரொம்பின், கொலாஜன் போன்ற தூண்டி ஒன்று வெளியிலிருந்து ஏற்பியைத் தொட்டால், செய்தி கைமாறி உள்ளே கல்சியம் உயர்ந்து, சிறுமணிகள் தம் சரக்கை வெளியே கொட்டும். அயனோபோர், அதாவது அயன் காவி, இந்த வரிசையில் நிற்பதில்லை. அது கொழுப்பில் கரையும் மூலக்கூறு. மென்சவ்வுக்குள் புகுந்து கல்சியத்தைத் தானே சுமந்து உள்ளே கொண்டுபோகும். ஓய்வில் உள்ளே இருப்பது ஏறத்தாழ 100 நானோமோலார், வெளியே மில்லிமோலார் அளவு. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம் இருக்கும்போது படகோட்டி ஒருவன் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏ23187 என்ற காவியின் இயல்பை ரீடும் லார்டியும் 1972இல் எழுதினார்கள். அது சிறுதட்டுகளைச் சுரக்க வைக்கும் என்பதை பைன்மனும் டெட்வைலரும் 1974இல் காட்டினார்கள். நமக்கு அதன் பயன் இதுதான்: திரொம்பினுக்கு அசையாத சிறுதட்டு அயனோபோருக்கு அசைந்தால் களஞ்சியம் நிறைந்திருக்கிறது, பழுது வாசலிலோ செய்தி போகும் வழியிலோ இருக்கிறது. இரண்டுக்கும் அசையவில்லை என்றால், களஞ்சியம் வெறுமையாக இருக்க வேண்டும் அல்லது நம் கை பிழைத்திருக்க வேண்டும். களஞ்சியம் வெறுமை என்று அறிக்கை எழுதுவதற்கு முன் கையைச் சோதிப்பதற்கான குறிப்பு இது.

எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்னும் மூன்று குழாய்கள் இருக்க வேண்டும். கரைப்பான் மட்டும் சேர்த்த குழாய் ஒன்று. ட்ரைட்டன் என்ற சவ்வுடைக்கும் சவர்க்காரப் பொருளைச் சேர்த்து முழுவதையும் உடைத்த குழாய் இன்னொன்று. வெளியேறியதை அதன் சதவீதமாகத்தான் சொல்ல வேண்டும், வெறும் எண்ணாக அல்ல. மூன்றாவதில் லக்ரேற் டிஹைட்ரஜனேஸ் அளக்க வேண்டும். அது சிறுமணியில் இல்லாத, கலத்தின் உட்திரவத்து நொதியம். அது வெளியே வந்தால் சுரப்பு நடக்கவில்லை, கலம் கிழிந்திருக்கிறது. இந்த மூன்றும் இல்லாமல் கொண்டுவரப்படும் வரைபடத்தை நான் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அறிகுறி: முதல் குழாய்களில் எல்லாம் கொட்டுகிறது, பின் குழாய்களில் ஒன்றும் இல்லை

மலைநாட்டுக்கே உரிய கோளாறு என்பதால் இதை முதலில் வைக்கிறேன். கொழும்பில் வேலை செய்பவருக்கு இது வருவது அரிது.

அயனோபோரைப் பெரும்பாலும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து வைக்கிறோம். ஏ23187இன் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 523.6. ஆகவே 1 மில்லிகிராமை 1.9 மில்லிலீற்றரில் கரைத்தால் ஏறக்குறைய 1 மில்லிமோலார் கிடைக்கும். அதில் 1 மைக்ரோலீற்றர் எடுத்து 1 மில்லிலீற்றர் சிறுதட்டுக் கரைசலில் இட்டால் 1 மைக்ரோமோலார், கரைப்பான் 0.1 சதவீதம். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் டி.எம்.எஸ்.ஓ. 18.5 பாகையில் உறைந்துவிடும். 13 பாகை அறையில் மேசைமேல் எவ்வளவு நேரம் வைத்தாலும் உறைவிப்பானிலிருந்து எடுத்த குழாய் உருகாது. பாதி உருகுவது இன்னும் மோசம். உறையும்போது தூய கரைப்பான் முதலில் கட்டியாகும், மருந்து மீதமிருக்கும் திரவத்தில் செறிந்து நிற்கும். அந்தத் திரவத்தை உறிஞ்சி முதல் இரண்டு குழாய்களில் இடுகிறீர்கள்: செறிவு பல மடங்கு, கலங்கள் கிழிகின்றன. வெயில் ஏறி அறை சூடாகி மீதிக் கட்டி உருகியதும் அடுத்த குழாய்களுக்கு நீர்த்த மருந்து போகிறது: ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் இதே கூத்து. நன்கொடையாளரைச் சந்தேகித்தேன், திரொம்பினைச் சந்தேகித்தேன், மையநீக்கியைக்கூடச் சந்தேகித்தேன்.

திருத்தம் எளிது. குழாயை 37 பாகை நீர்த்தொட்டியில் முழுவதும் உருகவிட்டு, சுழற்றிக் கலந்து, ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். பிறகு அதைக் குளிர்ந்த தாங்கற் கரைசலில் விடாதீர்கள். கொழுப்பை விரும்பும் மருந்து குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் திப்பியாகப் படிந்துவிடும், பிளாஸ்டிக் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். 37 பாகையில் இருக்கும் கரைசலில், கலக்கி சுழன்றுகொண்டிருக்கும்போது, நுனியைத் திரவத்துக்குள் வைத்து விடுங்கள். மூலக்கரைசலை ஒருநாள் தேவைக்கு ஏற்பச் சிறு குழாய்களாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் தாளில் சுற்றி வைப்பது நல்லது. ஒரே குழாயைப் பத்துத் தடவை உருக்கி உறையவைப்பது சிக்கனமல்ல.

இன்னொரு நுட்பம். மூடுபனிக் காலத்தில் மூடியைத் திறந்து வைத்த டி.எம்.எஸ்.ஓ. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீர் சேரச் சேர அதன் உறைநிலை இறங்கும். உங்கள் மூலக்கரைசல் 12 பாகை அறையில் இரவு முழுக்க இருந்தும் கட்டியாகவில்லை என்றால் மகிழ வேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் சேர்ந்துவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். எதனோலில் கரைத்தால் உறையும் தொல்லை இல்லை; ஆவியாகி செறிவு ஏறும் தொல்லை உண்டு. இரண்டில் ஒன்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அறிகுறி: அயனோபோர் சேர்க்கும் முன்பே செரோட்டோனினும் ஏ.ரி.பி.யும் வெளியே நிற்கின்றன

சிறுதட்டுகள் வழியிலேயே கிளர்ந்துவிட்டன. குருதி வங்கிகள் சிறுதட்டுகளை 20 முதல் 24 பாகையில் வைத்து மெல்ல ஆட்டிக்கொண்டிருப்பது வீணுக்கல்ல. அதற்குக் கீழே குளிர்ந்தால் தட்டு வடிவம் குலைந்து, உருண்டு, முட்கள் நீட்டும். உள்ளே கல்சியமும் உயரும்.

நாங்கள் மாதிரிகளை மலையிலிருந்து கீழே பேராதனைப் பக்கம் அனுப்பிய நாட்கள் உண்டு. லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று ஏறத்தாழ 75 கிலோமீற்றர், எண்ண முடியாத வளைவுகள். தொடக்கத்தில் ஐஸ் பெட்டியில் அனுப்பினோம். குருதி என்றால் குளிரில் வைக்க வேண்டும் என்ற பொதுப் புத்தி. செங்குழியத்துக்கு அது சரி, சிறுதட்டுக்கு அது கேடு. பின்னர் ரெஜிபோம் பெட்டிக்குள் 24 பாகை தண்ணீர் நிரப்பிய போத்தல்களை வைத்து, நடுவில் குழாய்களை நிமிர்த்திப் பஞ்சால் இறுக்கினோம். அகன்ற வாயுள்ள தேநீர்ப் பிளாஸ்க்கும் நன்றாகவே வேலை செய்தது. அதைப் பார்த்த சாரதி ஒருவர், "தம்பி, வழியில் குடிக்கலாமா?" என்று கேட்டார்.

வந்து சேர்ந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள், செலவே இல்லாதது. சிறுதட்டு நிறைந்த திரவவிழையக் (பிளாஸ்மா) குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். தட்டு வடிவம் கெடாமல் இருந்தால் உள்ளே பட்டுத்துணியை அசைப்பது போல மினுக்கம் சுழலும். மந்தமான கலங்கல் மட்டும் தெரிந்தால் அன்றைய வேலையை அங்கேயே நிறுத்தலாம். அயனோபோரை வீணாக்க வேண்டாம்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மெல்லிய ஊசி, நீண்ட நேரம் இறுக்கிய கைப்பட்டி, முதல் சில மில்லிலீற்றரை ஒதுக்காமல் சேர்த்தது, கண்ணாடிக் குழாய், மையநீக்கியைப் பிரேக் போட்டு நிறுத்தியது. கழுவும்போது பி.எச். 6.5 கரைசலும் ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதியமான அபிரேஸ் சிறிதும், சிறுதட்டை அடக்கி வைக்கும் புரோஸ்டாசைக்கிளினும் உதவும். புரோஸ்டாசைக்கிளின் சில நிமிடங்களில் தானே அழிந்துபோகும், அதனால் பின்னால் தொல்லை தராது. அதே வேலைக்கு இடும் புரோஸ்டாகிளாண்டின் ஈ1 அப்படியல்ல. கழுவாமல் விட்டால் அதுவே அடுத்த அறிகுறிக்குக் காரணமாகும்.

அறிகுறி: எந்தக் குழாயிலும் வெளியேற்றம் இல்லை, அல்லது மிகக் குறைவு

முதலில், எதில் வேலை செய்கிறீர்கள்? கழுவிய சிறுதட்டுகளுக்கு 0.5 முதல் 1 மைக்ரோமோலார் போதும். திரவவிழையத்தில் அதே அளவு இட்டால் அல்புமின் அதை விழுங்கிவிடும். பத்து மடங்கு வரை தேவைப்படலாம். கழுவிய கலங்களுக்கான அளவைத் திரவவிழையத்தில் இட்டுவிட்டு "மருந்து செத்துவிட்டது" என்று விற்பனையாளரைத் திட்டிக் கடிதம் எழுதியவனை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

அடுத்தது அமிலத்தன்மை: பி.எச். 6.5இல் கழுவிவிட்டு 7.4க்குத் திரும்ப மறந்துவிட்டீர்களா? ஏ23187 ஒரு கல்சியத்தை உள்ளே விட்டு இரண்டு ஐதரசன் அயன்களை வெளியே எடுக்கும் காவி. அமிலம் கூடினால் அதன் கைகளில் கல்சியத்துக்குப் பதில் ஐதரசன் உட்கார்ந்துவிடும். அயனோமைசின் இதில் இன்னும் கண்டிப்பானது, பி.எச். 7க்குக் கீழே அது கல்சியத்தைச் சரியாகப் பிடிப்பதே இல்லை.

கல்சியமே இல்லையா? குருதி உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிற்றேற்று, அதிலுள்ள கல்சியத்தைக் கட்டி வைத்திருக்கும். ஆனால் இங்கே அவசரப்படக்கூடாது. வெளியே ஈ.டி.ரி.ஏ. இட்டுக் கல்சியத்தை முழுக்கப் பறித்தாலும், போதிய அயனோபோர் கலத்தின் உட்களஞ்சியத்திலிருந்து கல்சியத்தை விடுவித்துச் சுரப்பை நடத்த முடியும். ஆகவே ஈ.டி.ரி.ஏ. குழாயில், ஏ.ரி.பி.யை அளக்கப் பயன்படும் லூசிபரேஸ் ஒளி துளியும் இல்லை என்றால் சுரப்பைச் சந்தேகிக்கும் முன் அளவியைச் சந்தேகியுங்கள். மின்மினிப் பூச்சியின் லூசிபரேஸ் நொதியத்துக்கு மக்னீசியம் வேண்டும், ஈ.டி.ரி.ஏ. அதையும் பறித்துவிடும். சரக்கு வெளியே வந்திருக்கும், விளக்குத்தான் அணைந்திருக்கும். ஒவ்வொரு குழாயின் முடிவிலும் தெரிந்த அளவு ஏ.ரி.பி.யை அதே குழாயிலேயே சேர்த்து ஒளி ஏறுகிறதா என்று பாருங்கள். வேறு குழாயில் செய்த அளவீடு இங்கே செல்லாது. மின்வெட்டுக்குப் பின் நீர்த்தொட்டி 30 பாகைக்கு இறங்கியிருந்தாலும் நொதியத்தின் வேகம் மாறும், ஆகவே மீண்டும் அளவீடு செய்ய வேண்டும்.

அறிகுறி: ஆளுக்கு ஆள் மாறுகிறது, குறைந்த செறிவில் சிலர் மட்டும் அசையவில்லை

அயனோபோர் ஏற்பிகளைத் தாண்டிப் போகிறது என்று மேலே சொன்னேன். அது அதிக செறிவில்தான் முழு உண்மை. குறைந்த செறிவில் அது சிறிது கல்சியத்தை உள்ளே விடுகிறது. அதனால் சிறுதட்டைத் தூண்டும் திரொம்பொக்சேனும் ஏ.டி.பி.யும் சிறிது வெளியே வந்து, அவை ஏற்பிகளைத் தட்டி, மீதி வேலையைச் செய்கின்றன. எனவே அஸ்பிரின் உண்டவரின் சிறுதட்டு குறைந்த செறிவில் சோம்பும், அதிக செறிவில் வழக்கம்போல் கொட்டும். திரொம்பொக்சேன் உண்டாகத் தேவையான சைக்ளோஒக்சிஜனேஸ் நொதியத்தை அஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. சிறுதட்டுக்குக் கரு இல்லை, புதிது செய்துகொள்ள வழி இல்லை. அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை அந்தக் குறை நீடிக்கும்.

"பத்து நாளுக்குள் மாத்திரை ஏதும் எடுத்தீர்களா அண்ணா?" என்று கேட்டால், "இல்லை தம்பி, பனடோல் மட்டும்தான்" என்றுதான் தோட்டத்தில் பதில் வரும். நம்மூரில் தலைவலிக்கு விழுங்கும் எதற்கும் பனடோல் என்றுதான் பெயர். ஆகவே நான் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டேன். "மிச்ச மாத்திரை இருந்தால் அட்டையோடு காட்டுங்கள்" என்பேன். ஒருமுறை கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டிய அட்டையில் அஸ்பிரின் என்று தெளிவாக இருந்தது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கியதாம். "இது பனடோல் இல்லையா தம்பி?" என்று அவர் கேட்டபோது, மூன்று வாரமாக நான் வரைந்து வைத்திருந்த அழகான 'மரபுக் குறைபாட்டு' வரைபடம் மனக்கண்ணில் கிழிந்தது.

இதைப் பிரித்தறிய ஒரே செறிவில் நிற்காமல் 0.1இலிருந்து 5 மைக்ரோமோலார் வரை ஏறிப் பாருங்கள். வளைகோடு வலப்பக்கம் நகர்ந்து, உச்சியில் சமமாகிவிட்டால் அஸ்பிரின் போன்ற இடையூறு. உச்சியே தாழ்ந்திருந்து, ட்ரைட்டன் குழாயிலும் மொத்தச் செரோட்டோனின் குறைவாக இருந்தால்தான் அடர் சிறுமணிக் குறைபாடு என்ற பேச்சுக்கே இடம்.

அறிகுறி: செரோட்டோனின் வெளியே வருகிறது, ஏ.ரி.பி. வரவில்லை

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இது, ஏனென்றால் பதில் புட்டியின் பெயர்ச்சீட்டிலேயே இருக்கும். அயனோபோர் என்பது ஒரு தொழிலின் பெயர், ஒரே ஆளின் பெயர் அல்ல. வலினோமைசின் பொட்டாசியத்தைச் சுமப்பது. நைஜரிசினும் மொனென்சினும் பொட்டாசியத்தையோ சோடியத்தையோ ஐதரசனுக்கு மாற்றுவன. ஏ23187உம் அயனோமைசினும்தான் கல்சியக் காவிகள்.

அடர் சிறுமணியின் உட்புறம் அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஏறத்தாழ 5.4. அந்த அமில வித்தியாசத்தை விசையாகக் கொண்டுதான் செரோட்டோனின் உள்ளே ஏற்றப்பட்டுப் பூட்டப்படுகிறது. நைஜரிசினோ மொனென்சினோ அந்த வித்தியாசத்தைக் கரைத்துவிட்டால் செரோட்டோனின் சிறுமணிச் சுவர் வழியே கசிந்து வெளியேறும். சிறுமணி வாய் திறக்கவே இல்லை, ஏ.ரி.பி. இருந்த இடத்திலேயே இருக்கும். இது சுரப்பு அல்ல, ஒழுக்கு. எக்ஸ்537ஏ என்ற லசலோசிட் இன்னும் குழப்பக்காரன்: கல்சியத்தோடு செரோட்டோனின் போன்ற அமைன்களையும் தானே கட்டிச் சுமக்கும். பழைய கட்டுரைகளில் அதைக் கொண்டு செய்த செரோட்டோனின் அளவீடுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

ஆகவே செரோட்டோனினை மட்டும் அளந்துவிட்டு "சுரப்பு நடந்தது" என்று எழுதாதீர்கள், கூடவே ஏ.ரி.பி.யையோ அல்பா சிறுமணிப் புரதம் ஒன்றையோ அளங்கள். தலைகீழாக, ஏ.ரி.பி. வந்தும் செரோட்டோனின் குறைவாக இருந்தால், கலம் அதைத் திரும்ப உள்ளே இழுத்திருக்கும். செரோட்டோனின் உள்ளே போவதைத் தடுக்கும் இமிப்ரமினைச் சேர்த்து அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

அறிகுறி: லக்ரேற் டிஹைட்ரஜனேஸும் சேர்ந்து வருகிறது

செறிவு கூடிவிட்டது, அல்லது நேரம் நீண்டுவிட்டது. நீடித்த அதிகக் கல்சியம் கல்பெயின் நொதியத்தை எழுப்பி உள்ளெலும்புக்கூடு போன்ற புரத வலையை அறுக்கும். மென்சவ்வு நுண்குமிழ்களாக உதிரும். அயனோபோர் சேர்த்து ஒன்றிரண்டு நிமிடங்களில் குளிர்ந்த நிறுத்துக் கரைசலை இட்டு, உடனே மையநீக்கம் செய்யுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து எடுத்த மாதிரியில் எது சுரந்தது, எது சிந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறி: கல்சியச் சாயத்தின் ஒளி மருந்து சேர்த்த கணமே துள்ளுகிறது

பியூரா போன்ற சாயத்தோடு ஏ23187ஐச் சேர்த்தால் நீங்கள் பார்ப்பது கல்சியத்தை மட்டுமல்ல. ஏ23187 புறஊதா ஒளியில் தானே ஒளிரும். அயனோமைசினுக்கு மாறுங்கள், அல்லது புரோமின் ஏற்றிய ஏ23187 வாங்குங்கள்.

அறிகுறி: சுரப்பு நன்றாக இருக்கிறது, சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

பெரும்பாலும் இது கோளாறே அல்ல. ஒட்டுவதற்கு வெளியே கல்சியம் வேண்டும், பைப்ரினோஜன் வேண்டும், கலங்கள் மோதிக்கொள்ளக் கலக்கல் வேண்டும். ஈ.டி.ரி.ஏ. இருந்தால் சுரக்கும், ஒட்டாது. அது இல்லை, பைப்ரினோஜனும் இருக்கிறது என்றால் குழாயைத் தூக்கி அடியில் கலக்கிக் காந்தம் சுழல்கிறதா என்று பாருங்கள். ஒருநாள் மாலை மூன்று பேர் சேர்ந்து ஒட்டாமைக்கு நான்கு கருதுகோள்கள் எழுதி முடித்த பிறகு பார்த்தோம். காந்தம் குழாய்க்குள்ளேயே இல்லை, கழுவும் தொட்டியில் கிடந்தது.